ஸ்காட்லாந்து முன்னோரைத் தேடுவோர் உயிலை எங்கே பார்க்க வேண்டும்?

உங்கள் கணவரின் முன்னோர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெர்த்ஷயரின் டே ஏரிக்கரையில் பயிர்செய்து வாழ்ந்தவர்கள் என்றும், திருச்சபையின் பழைய பதிவேடுகளில் இரண்டு ஞானஸ்நானக் குறிப்புகளுக்கு மேல் அகப்படவில்லை என்றும், குடும்பத் தலைவரின் பெயரில் உயில் தேடியபோது ஒன்றும் வரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இனி வேறு வழி உண்டா என்பது உங்கள் கேள்வி. வழி உண்டு. ஆனால் ஸ்காட்லாந்தில் ஒருவர் இறந்தபின் அவருடைய சொத்து எப்படிக் கைமாறியது என்பதை முதலில் புரிந்துகொள்ளாவிட்டால், ஆவணம் கையில் கிடைத்தாலும் அது சொல்வது விளங்காது. கிடைக்காதபோது அதற்கான காரணமும் விளங்காது.

1868ஆம் ஆண்டு வரை ஸ்காட்லாந்தில் நிலத்தையும் வீட்டையும் நேரடியாக உயிலில் எழுதிவைக்க முடியாது. அசையாச் சொத்து சட்டப்படி மூத்த மகனுக்குப் போய்விடும். மகன் இல்லாவிட்டால் மகள்கள் சமபங்காகப் பெறுவார்கள். ஆடுமாடு, விளைந்த தானியம், வீட்டுச் சாமான், கையிருப்புப் பணம், வரவேண்டிய கடன் ஆகிய அசையும் சொத்தைப் பற்றி மட்டுமே இறந்தவரின் பேச்சு செல்லும், அதுவும் முழுமையாக அல்ல. ஆகவே ஒரே மனிதரின் சாவு இரண்டு இடங்களில் பதிவானது. அசையும் பொருள் கமிஸரி நீதிமன்றத்துக்குச் சென்றது. நிலம் வாரிசுச் சான்றுக்கும், நில உரிமை கைமாறுவதைப் பதியும் சேசின் பதிவேட்டுக்கும் சென்றது. நீங்கள் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று முடிவுகட்டியிருக்கிறீர்கள். பலரும் நின்றுவிடும் இடம் இதுதான்.

முதலாவதிலேயே இன்னும் பார்க்க வேண்டியது இருக்கலாம் என்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன். கமிஸரி நீதிமன்றம் உறுதிசெய்து தந்த ஆவணத்துக்கு டெஸ்டமென்ட் என்று பெயர். அதில் இரண்டு வகை உண்டு. இறந்தவர் உயில் எழுதி, அதை நிறைவேற்றுபவரையும் தாமே குறித்திருந்தால் அது டெஸ்டமென்ட் டெஸ்டமென்டர். உயில் இல்லாமல் இறந்து, நீதிமன்றமே ஒருவரை நியமித்திருந்தால் அது டெஸ்டமென்ட் டேட்டிவ். ஆகவே ‘உயில் எழுதாதவர்’ என்பதால் ஆவணம் இருக்காது என்று எண்ண வேண்டாம். உயில் இல்லாதவரைப் பற்றிய டேட்டிவ் ஆவணங்களில்தான் பல நேரங்களில் உறவுமுறை தெளிவாக எழுதப்பட்டிருக்கும், ஏனெனில் நியமனம் கோரி வந்தவர் தாம் யார் என்பதை நீதிமன்றத்தில் சொல்லியாக வேண்டும்.

இந்த நீதிமன்றங்களின் எல்லை மாவட்ட எல்லையன்று. 1560ஆம் ஆண்டின் மதச் சீர்திருத்தத்துக்கு முன்பு ஆயர்களின் நீதிமன்றங்களே இந்த வேலையைச் செய்துவந்தன. 1564இல் எடின்பரோவில் கமிஸரி நீதிமன்றம் நிறுவப்பட்டது. மற்ற இடங்களிலும் பழைய மறைமாவட்ட எல்லைகளே பெரும்பாலும் அப்படியே தொடர்ந்தன. பெர்த்ஷயர் என்ற ஒரே மாவட்டத்துக்குள் டன்கெல்ட், டன்பிளேன், செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆகிய மூன்று கமிஸரி எல்லைகள் வருகின்றன. டே ஏரிப் பகுதிக்கு டன்கெல்ட், டன்பிளேன் இரண்டையும் பாருங்கள். டன்கெல்டின் டெஸ்டமென்ட் பதிவேடு 1682 முதல் கிடைக்கிறது. அத்துடன் எடின்பரோவையும் விட்டுவிடாதீர்கள். நாட்டின் எந்தப் பகுதியைச் சேர்ந்தவரின் சொத்தும் அங்கே உறுதிசெய்யப்படலாம். ஸ்காட்லாந்துக்கு வெளியே இறந்து, உள்நாட்டில் பொருள் வைத்திருந்தவர்களுக்கோ அதுவே உரிய நீதிமன்றம். சென்னையில் கம்பெனி வேலையில் இருந்து மடிந்த இளைய மகனும், இலங்கை மலையகத்தில் தோட்டம் போட்ட தம்பியும் ஊர்க் கமிஸரியின் ஏட்டில் அகப்படாமல் எடின்பரோவில் அகப்படுவது இதனால்தான். 1823ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் இந்த அதிகாரம் ஷெரிஃப் நீதிமன்றங்களுக்கு மாறியது. 1876 முதல் ஆண்டுதோறும் அச்சிட்ட பட்டியலும் வந்தது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1925 வரையிலான டெஸ்டமென்ட்களை, ஸ்காட்லாந்து அரசின் குடும்ப வரலாற்று இணையதளமான ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிளில் தேடலாம்; தேடுவதற்குக் கட்டணமில்லை, ஆவணப் படத்துக்கு மட்டும் பணம் கட்ட வேண்டும்.

தேடும்போது மூன்று விஷயங்களை மனத்தில் வையுங்கள். இறந்த ஆண்டை ஒட்டி மட்டும் தேடாதீர்கள். கடன் ஒன்றை வசூலிக்கவோ பங்குத் தகராறைத் தீர்க்கவோ தேவை வரும்வரை குடும்பத்தார் நீதிமன்றத்தை நாடவே மாட்டார்கள் என்பதால், பத்து, இருபது ஆண்டு கழித்து உறுதிசெய்யப்பட்ட டெஸ்டமென்ட்கள் ஏராளம். மணமான பெண்களைக் கணவரின் குடும்பப் பெயரில் தேடாதீர்கள். ஸ்காட்லாந்தின் சட்ட ஆவணங்களில் பெண் தன் பிறந்தவீட்டுப் பெயரை இறுதிவரை வைத்திருப்பாள், கணவரின் பெயர் ‘இன்னாரின் மனைவி’ என்றோ கைம்பெண்ணைக் குறிக்கும் ‘ரெலிக்ட்’ என்ற சொல்லோடோ பின்னால் வரும். தாய்வழியைத் தேடுவோருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

மூன்றாவது, உங்கள் பகுதிக்கே உரியது. மக்ரெகர் என்ற குலப்பெயரை வைத்துக்கொள்வதே 1603இல் குற்றமாக்கப்பட்டது. 1661இல் தடை நீங்கி, 1693இல் திரும்ப வந்து, 1774இல்தான் முற்றாக நீங்கியது. அந்த இடைக்காலத்தில் டே ஏரியைச் சுற்றியிருந்த மக்ரெகர்கள் காம்ப்பெல், டிரம்மண்ட், மரே, ஸ்டுவர்ட் எனப் பல பெயர்களுக்குள் ஒதுங்கினார்கள். 1780களில் மக்ரெகராக இருக்கும் குடும்பம் 1760களில் வேறு பெயரில் இருந்திருக்கலாம். உங்கள் கணவரின் குடும்பப் பெயரை நீங்கள் குறிப்பிடவில்லை. இது பொருந்தாவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஆவணம் கிடைத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் இறந்தவரின் பெயர், ஊர், தொழில், பெரும்பாலும் இறந்த மாதமும் ஆண்டும் இருக்கும். 1855 ஜனவரி 1க்கு முன் அரசுப் பிறப்பு இறப்புப் பதிவே கிடையாது, திருச்சபைகளும் அடக்கங்களை ஒழுங்காக எழுதவில்லை என்பதால், இறந்த மாதத்தைச் சொல்லும் ஒரே சான்று இதுவாகவே அமைந்துவிடலாம். அதன்பின் பொருள்களின் பட்டியல்: இத்தனை மாடு, இத்தனை ஆடு, இத்தனை ‘போல்’ (தானிய அளவு) ஓட்ஸ், வீட்டுச் சாமான் மொத்தமாக இவ்வளவு பவுண்டு. அடுத்து வரவேண்டிய கடன், கொடுக்கவேண்டிய கடன். கடன் பட்டியலை அவசரமாகப் புரட்டிவிடாதீர்கள். வேலைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய கூலி, பண்ணையாருக்குச் செலுத்த வேண்டிய வாரம் என்னும் குத்தகை, மைத்துனரிடம் வாங்கிய கைமாற்று என்று அந்த மனிதரைச் சுற்றியிருந்த ஊரே அங்கே நிற்கும். உறவினர்கள் பலர் முதலில் தென்படுவது அந்த வரிகளில்தான்.

ஆனால் 16, 17ஆம் நூற்றாண்டு டெஸ்டமென்ட்களில் நான் முதலில் தேடிப் பார்க்கும் வரி வேறு. கடன் கழித்து மிஞ்சிய பொருள் எத்தனை பாகமாகப் பிரிக்கப்பட வேண்டும் என்று சொல்லும் வரி அது. ஸ்காட்லாந்துச் சட்டப்படி மனைவிக்கு ஒரு பாகம், பிள்ளைகள் அனைவருக்குமாக ஒரு பாகம், மூன்றாவது இறந்தவரின் பாகம். இந்த மூன்றாவதை மட்டுமே அவர் தம் விருப்பப்படி எழுதிவைக்கலாம். ஓர் உதாரணத்துக்கு, பொருளின் மதிப்பு 600 பவுண்டு, வரவேண்டிய கடன் 120, கொடுக்கவேண்டிய கடன் 360 என்றால் மிச்சம் 360. ‘மூன்றாகப் பிரிக்க, இறந்தவரின் பாகம் 120’ என்று எழுதியிருந்தால், அவர் இறந்தபோது மனைவியும் உயிருடன் இருந்தாள், பங்குக்கு உரிய பிள்ளையும் இருந்தது. ‘இரண்டாகப் பிரிக்க’ என்றிருந்தால் மனைவி, பிள்ளைகள் இரண்டில் ஒன்று மட்டும். பிரிவே இல்லையென்றால் இரண்டும் இல்லை. பிள்ளையின் பெயரையோ மனைவியின் பெயரையோ ஓரிடத்திலும் சொல்லாத ஆவணம்கூட இந்தக் கணக்கின் மூலம் குடும்பத்தைச் சொல்லிவிடுகிறது. 18ஆம் நூற்றாண்டில் இந்தக் கணக்கை எழுதும் வழக்கம் அருகிப் போனது உங்களைப் போன்றவர்களுக்கு இழப்புதான்.

இன்னொரு மௌனத்தையும் படிக்கத் தெரிய வேண்டும். டெஸ்டமென்டில் நான்கு பிள்ளைகளின் பெயர் இருந்தால் பிள்ளைகள் நால்வர்தாம் என்று குறித்துக்கொள்வது மிகப் பெரிய பிழை. நிலத்தைப் பெறும் மூத்த மகனுக்கு அசையும் பொருளில் பிள்ளைகள் பாகம் கிடையாது. தன் நிலத்தையும் பொதுவில் சேர்த்தால்தான் பங்கு கேட்கலாம். அதேபோல் சீதனம் வாங்கிக்கொண்டு போன மகளும், தொழில் தொடங்கப் பணம் பெற்று ஒதுங்கிய மகனும், ‘இனி எனக்குப் பங்கு வேண்டாம்’ என்று எழுதிக்கொடுத்திருந்தால் பட்டியலில் வரமாட்டார்கள். ஆகவே நிலமுள்ள குடும்பத்தில் மூத்தவனின் பெயர் விடுபட்டிருந்தால் அவன் செத்துவிட்டான் என்று எழுதிவிடாமல், நிலத்தைப் பெற்றிருக்கிறானா என்று வாரிசுச் சான்றுகளில் பார்க்க வேண்டும்.

நிறைவேற்றுநராக யார் வந்தார் என்பதும் செய்தியே. 1855க்கு முன் இறந்தவரின் அசையும் பொருளில் தாய்க்கும் தாய்வழி உறவினருக்கும் வாரிசுரிமை கிடையாது. எனவே ‘நெருங்கிய உறவினர்’ என்ற தகுதியில் ஒரு சிற்றப்பா மகன் நியமிக்கப்பட்டிருந்தால் அவர் தந்தைவழியினர் என்று துணிந்து எழுதலாம். கடன்கொடுத்தவரே நியமிக்கப்பட்டிருந்தால் எச்சரிக்கை தேவை: அவர் தம் கடனுக்குப் போதுமான பொருளை மட்டும் பட்டியலிட்டால் போதும். முன்பு ஒருமுறை, ஒரு குதிரையும் சில மூட்டை தானியமும் மட்டும் கண்ட பட்டியலை வைத்து ஒருவரை ஏழையென்று எழுதிவிட்டேன். அந்தப் பட்டியலைத் தந்தவர் கடன்கொடுத்தவர் என்பதைத் தலைப்பிலேயே எழுதியிருந்ததை நான் படிக்காமல் விட்டிருந்தேன். சிறு பிள்ளைகள் இருந்தால் ‘டியூட்டர்’ அல்லது ‘கியூரேட்டர்’ என்ற காப்பாளர் குறிக்கப்பட்டிருப்பார். முன்னவர் 14 வயதுக்குட்பட்ட பையனுக்கும் 12க்குட்பட்ட பெண்ணுக்கும், பின்னவர் அதற்கு மேல் 21 வரை. ஞானஸ்நானக் குறிப்பு தொலைந்த பிள்ளைக்கு இந்த ஒரு சொல் வயதின் எல்லையைத் தந்துவிடும்.

படிப்பதில் உள்ள சிரமங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 17ஆம் நூற்றாண்டுக் கையெழுத்து இன்றைய கண்ணுக்குப் பழக ஒரு மாதமாவது ஆகும். ‘காலஞ்சென்ற’ என்பதற்கு அக்கால ஸ்காட்ஸ் மொழியில் ‘அம்வைல்’ என்று வரும். அதை யாருடைய பெயருக்கு முன்னால் கண்டாலும் அவர் அந்தத் தேதிக்கு முன் இறந்தவர் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆயிரத்தைக் குறிக்கும் எழுத்து ‘ஜே, ஏ, ஜே’ என்ற மூன்றும் சேர்ந்ததுபோல் தோற்றமளிக்கும். அது யாருடைய பெயரும் அன்று, ஆண்டின் தொடக்கம். 1600 வரை புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்ததால், 1595 பிப்ரவரி என்று எழுதியிருப்பது நம் கணக்கில் 1596. பவுண்டு என்பது 1707க்கு முன் பெரும்பாலும் ஸ்காட்லாந்துப் பவுண்டு. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பவுண்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு மதிப்பே அதற்கு. மேலே சொன்ன 360 பவுண்டு, ஆங்கிலேயக் கணக்கில் வெறும் 30.

இனி நிலத்தின் பக்கம் வருவோம். நிலத்துக்கு உரிமை கோரிய வாரிசு, அரசின் சான்சரி அலுவலகத்திலிருந்து உத்தரவு பெற்று, உள்ளூரார் பதினைந்து பேர் கொண்ட விசாரணைக் குழுவின் முன் தன் உறவை நிறுவ வேண்டும். குழுவின் முடிவு சான்சரிக்குத் திரும்பி வரும். அந்தப் பதிவுக்கு ‘ரிட்டூர்’ என்று பெயர். இவை 1530 முதல் உள்ளன. 1652 முதல் 1659 வரையிலான சில ஆண்டுகள் தவிர 1847 வரை லத்தீனில் இருக்கும். மொழியைக் கண்டு அஞ்ச வேண்டாம், வாசகம் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றேயாதலால் பத்துப் பன்னிரண்டு சொற்களைக் கற்றால் போதும். மகன் தந்தைக்கு வாரிசாவது மட்டுமன்றி, பேரன் பாட்டனுக்கோ, தம்பி மகன் பெரியப்பாவுக்கோ வாரிசாவதும் உண்டு. அப்படியொரு பதிவு கிடைத்தால் மூன்று தலைமுறை ஒரே வரியில் வந்துவிடும். பரம்பரையாக வந்த நிலத்தையும் ஒருவர் தாமே வாங்கிய நிலத்தையும் 1874 வரை சட்டம் வேறுபடுத்தியே பார்த்தது. பிள்ளையில்லாத நடு அண்ணன் இறந்தால் பரம்பரை நிலம் அடுத்த தம்பிக்கும், வாங்கிய நிலம் அடுத்த மூத்த அண்ணனுக்கும் போகும். முதுசம், தேடிய தேட்டம் என்று பிரித்துப் பேசிப் பழகிய யாழ்ப்பாணத்தாருக்கு இந்தப் பாகுபாடு புதிதாகத் தோன்றாது. ஒரே சாவுக்கு இரண்டு வாரிசுகளைக் கண்டால் எழுத்தர் தவறிவிட்டார் என்று எண்ணிவிடாதீர்கள்.

எல்லோரும் சான்சரிக்குப் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அரசரிடமிருந்து நேரடியாக அன்றி ஒரு பெருநிலக்கிழாரிடமிருந்து நிலம் பெற்றவரின் மகனை, ‘இவன் வாரிசு என்பது எனக்குத் தெளிவாகத் தெரியும்’ என்று அந்த நிலக்கிழாரே எழுதி ஏற்றுக்கொள்ளலாம். அந்தக் காகிதம் எஸ்டேட் ஆவணங்களுக்குள் கிடக்கும். ஆனால் எப்படிப் பெற்றாலும் உரிமை நிலைக்க வேண்டுமானால் 1617ஆம் ஆண்டுச் சட்டப்படி சேசின் பதிவேட்டில் அறுபது நாளுக்குள் ஏற்றியாக வேண்டும். நிலத்தின்மேல் நின்று மண்ணும் கல்லும் கையில் வாங்கும் சடங்கு முடிந்ததற்கான பதிவு அது. சடங்கு 1845இல் தேவையற்றதானது, பதிவேடு தொடர்ந்தது. 1781 முதலான பதிவுகளுக்கு ஆங்கிலச் சுருக்கங்கள் அச்சில் உண்டு. அடமானமும் அதில் ஏறும் என்பதால் நிலமே இல்லாத, வட்டிக்குக் கொடுத்த கடைக்காரரும் அங்கே வருவார். மேலும், நிலத்தை உயிலில் எழுத முடியாத தடையைச் சுற்றிப்போக விரும்பியவர்கள் உயிரோடிருக்கும்போதே அறங்காவலர்களுக்கு எழுதிக்கொடுத்து, அதை 1554 முதல் நடந்துவரும் பத்திரப் பதிவேட்டில் பதிந்தார்கள். டெஸ்டமென்ட் கிடைக்காத வசதியான நகரத்தார் பலரின் கடைசி விருப்பம் இந்தப் பதிவேட்டில் இருக்கிறது.

உங்கள் கணவரின் முன்னோர் நிலம் சொந்தமாக வைத்திருந்தவர்கள் அல்லர் என்றே நினைக்கிறேன். டே ஏரியின் இரு கரைகளும் பெரும்பாலும் பிரெடல்பேன் காம்ப்பெல்களின் எஸ்டேட். அங்கே பயிர்செய்தவர்கள் குத்தகைக்காரர்கள். சொந்த நிலமில்லாதவருக்கு ரிட்டூரும் இல்லை, சேசினும் இல்லை. பொருளும் குறைவென்றால் குடும்பத்துக்குள் பேசிப் பிரித்துக்கொண்டு நீதிமன்றத்தை நாடாமலே விட்டிருப்பார்கள். உங்கள் தேடல் வெறுமையாக முடிந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஆனால் வாரம் வாங்குபவர் கணக்கு வைக்காமல் இருக்க மாட்டார். பிரெடல்பேன் ஆவணங்கள் எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்துத் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஜிடி 112 என்ற எண்ணில் இருக்கின்றன: குத்தகை வாரப் பட்டியல்கள், குத்தகைச் சீட்டுகள், எஸ்டேட் காரியஸ்தரின் கணக்குகள், குடியானவர்கள் எழுதிய விண்ணப்பங்கள். இவற்றுக்குப் பெயர்வாரி அட்டவணையை எதிர்பார்க்காமல் பண்ணையின் பெயரைக் கொண்டு நுழையுங்கள். அந்த இரண்டு ஞானஸ்நானக் குறிப்புகளிலும் தந்தையின் பெயருக்குப் பக்கத்தில் ஓர் ஊர்ப் பெயர் இருக்கும். அதுதான் உங்கள் திறவுகோல்.

அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு 1769இல் ஏரியின் இரு கரையையும் அளந்தபோது எழுதப்பட்ட கணக்கை முதலில் பாருங்கள். பண்ணைவாரியாகக் குடியானவர்களின் பெயர் அதில் உண்டு, அச்சிலும் வந்திருக்கிறது. அதிலிருந்து வாரப் பட்டியல்களில் ஆண்டு ஆண்டாக முன்னும் பின்னும் நகருங்கள். ஓர் ஆண்டில் ஆணின் பெயர், அடுத்த ஆண்டில் ‘இன்னாரின் கைம்பெண்’, சில ஆண்டு கழித்து இளைய தலைமுறையின் பெயர் என்று மாறுவதைக் கண்டால், எழுதப்படாத டெஸ்டமென்டையே நீங்கள் படித்துவிட்டீர்கள் என்று கொள்ளலாம். ஒரு பண்ணையைப் பலர் கூட்டாக வைத்திருந்ததால் ஒரே பெயருள்ள இருவர் அடுத்தடுத்த வரியில் வருவார்கள். பங்கின் அளவைக் குறித்துக்கொண்டால் இருவரையும் பிரித்தறியலாம். குத்தகைக்காரரின் கீழ்க் குடிசை போட்டிருந்த கூலிக் குடும்பமானால் இந்தப் பட்டியலிலும் பெயர் இருக்காது. அப்போது திருச்சபைக் குழுவின் நடவடிக்கைக் குறிப்புகளில், ஏழைகளுக்கு உதவிய கணக்கிலும் ஒழுக்க விசாரணைகளிலும்தான் தேட வேண்டியிருக்கும்.

பக்கத்து எஸ்டேட்டிலிருந்து வந்தவர்கள் என்று தெரியவந்தால் உங்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. 1745ஆம் ஆண்டு அரசுக்கு எதிராக எழுந்த ஜாக்கபைட் கிளர்ச்சியில் தோற்றவர்களின் எஸ்டேட்களில் பதின்மூன்றை 1752ஆம் ஆண்டுச் சட்டம் அரசோடு இணைத்தது. பெர்த்ஷயரின் ஸ்ட்ருவன், பெர்த் எஸ்டேட்கள் அவற்றுள் அடங்கும். 1784இல் பழைய குடும்பங்களுக்குத் திருப்பித் தரும்வரை அரசு அலுவலர் நடத்திய அளவைகளும் கணக்குகளும் விண்ணப்பங்களும், எந்தத் தனியார் எஸ்டேட்டின் ஏட்டையும்விட ஒழுங்கானவை. பிரெடல்பேன் காம்ப்பெல்கள் அரசின் பக்கம் நின்றதால் அவர்களின் நிலம் இதில் வராது.

1834க்குப் பின் பிரெடல்பேனின் இரண்டாம் மார்க்விஸ் என்ற பட்டம் கொண்ட நிலக்கிழாரின் காலத்தில் சிறு பண்ணைகள் ஒன்றாக்கப்பட்டு, ஏரிக்கரைக் குடும்பங்கள் பல கனடாவுக்கும் பிற இடங்களுக்கும் போயின. உங்கள் குடும்பத்தின் பெயர் வாரப் பட்டியலிலிருந்து எந்த ஆண்டில் மறைகிறது என்பதைக் குறித்துக்கொண்டு, அந்த ஆண்டுக்குப் பிந்தைய எடின்பரோ டெஸ்டமென்ட்களை மறுபடியும் ஒருமுறை தேடுங்கள். கடல்கடந்து போய் நாலு காசு சேர்த்து, ஸ்காட்லாந்து வங்கியில் போட்டுவைத்துவிட்டு இறந்த ஒரு மகனோ மகளோ அங்கே இருக்கலாம். அவருடைய நெருங்கிய உறவினராக வந்து கையெழுத்திட்டவர், நீங்கள் தேடும் கிளையைச் சேர்ந்தவராக இருக்கவும் கூடும். பண்ணையின் பெயரைக் கண்டுபிடித்ததும் எழுதுங்கள், எந்த ஆண்டுகளின் வாரப் பட்டியலை முதலில் எடுப்பது என்பதைச் சேர்ந்து பார்ப்போம்.